அறுபத்தொன்றாவது வம்சத்தின் பசி

ஈக்களுக்குச் சமைத்துப் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதைக் கஞ்சி நிறுத்தி இரண்டு வருடமாகிறது. வேலைதான். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன், ரொட்டித் தொழிற்சாலையின் இரவு ஷிப்டை விட்டவன், கிடங்கில் பெட்டி அடுக்குவதை மூன்றே மாதத்தில் விட்டவன், இதை மட்டும் விடவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியாது. உப்பில்லை உறைப்பில்லை என்று ஈ மூஞ்சியைத் தூக்காது. அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அவன் சமையலறை ஆராய்ச்சிக்கூடத்தின் கடைக்கோடியில், நடைவழி முடிகிற இடத்தில். சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரை, கடற்பாசித் தூள் எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சி, விரல் நீளக் குப்பிகளில் ஊற்றி ஆறவைத்து, பஞ்சால் வாயை அடைத்தால், அது பழ ஈக்களின் ஒரு வாரச் சாப்பாடு. வாரத்துக்கு இரண்டாயிரம் குப்பி. கஞ்சி என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தச் சமையலறைக் கதவு திறந்த வேகத்திலேயே சமாச்சாரம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. வந்தவள் பட்டினி. ஆராய்ச்சி மாணவி. நாலு வருடமாக ஈக்களைப் பட்டினி போட்டு அவற்றின் மூளையைப் படிப்பவள். மற்றபடி ஆள் நன்றாகவே சாப்பிடுவாள்.

"அண்ணா, செவ்வாக்கிழமை வெள்ளைப் பஞ்சுல என்ன ஊத்தினீங்க?"

"வெறும் கடற்பாசி. வேற என்ன ஊத்துவாங்க?"

"சக்கரை."

கஞ்சி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான்.

இங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஈக்களைப் பட்டினி போட வெறுங்கடற்பாசிக் குப்பி வேண்டும். அதில் தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. வேறு சோதனைகளுக்குச் சர்க்கரை கலந்த கடற்பாசி வேண்டும். இரண்டும் பார்க்கக் கண்ணாடி மாதிரி ஒன்றுபோல இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் கஞ்சி ஒன்றில் போடவேண்டிய சர்க்கரையை இன்னொன்றில் போட்டான். பட்டினி கிடக்கவேண்டிய ஈக்கள் எல்லாம் விருந்து சாப்பிட்டுக் கொழுத்தன. பட்டினியின் மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போனது. அன்றைக்குத்தான் வெள்ளைப் பஞ்சு வெறுங்குப்பிக்கு, நீலப் பஞ்சு சர்க்கரைக் குப்பிக்கு என்று சட்டம் வந்தது. அன்றைக்குத்தான் கூடத்தின் தலைவியும், "இன்னொரு தடவ நடந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று சொன்னார். அவரைப் பின்னால் எல்லோரும் தராசு என்பார்கள். ஒரு சொல்லைக்கூட நிறுக்காமல் விடாதவர். சொன்னால் சொன்னதுதான்.

"யாரு சொன்னா நான் சக்கரை போட்டேன்னு?"

"ஈ சொல்லுது. வந்து பாருங்க."

நடைவழியின் மறுகோடியில் இருக்கிறது சூட்டறை. முப்பத்தொரு டிகிரி. உள்ளே நுழைந்ததும் சட்டை முதுகில் ஒட்டியது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு கண்ணாடித் தகடு. அதில் இருபது பழ ஈக்கள் மல்லாந்து வரிசையாகக் கிடந்தன. முதுகில் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்து ஒட்டியிருந்தாள். தன் நகத்துக்கு ஒருநாளும் பூசாதவள் மாதம் நாலு சீசா நகப்பூச்சு வாங்குகிறாள் என்று கூடத்தில் ஒரு கேலி உண்டு.

சோதனை கஞ்சிக்குத் தெரிந்ததுதான். பசித்த ஈயின் முன்னங்காலைச் சர்க்கரைத் தண்ணீரால் தொட்டால் போதும். ஈக்குக் காலிலும் நாக்கு உண்டு. இனிப்பு என்று கால் சொன்ன கணமே, முகத்துக்கடியில் மடக்கி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலைத் துதிக்கை போல நீட்டும். வயிறு நிறைந்த ஈ நீட்டாது. அதே ஈ, அதே கால், அதே சர்க்கரை. நடுவில் தலைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். கசகசாவில் பாதி இருக்கும் அந்த மூளையில் லட்சத்துக்கு மேல் நரம்பணுக்கள். அதில் அந்த யாரோ யார்? இதுதான் பட்டினியின் நாலு வருடத் தேடல்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. வம்சம் வம்சமாக ஈ வளர்த்தாள். ஒவ்வொரு வம்சத்திலும் குறித்த சில நரம்பணுக்கள் மட்டும் சூட்டறைக்கு வந்தால் வாயடைத்துப் போகும். யாரை வாயடைத்தால் பசித்த ஈ சாப்பாட்டை வேண்டாம் என்கிறதோ, அவரே பசியைச் சொல்கிற ஆள். அறுபது வம்சம் பார்த்தாயிற்று. அறுபதும் வெட்கமில்லாமல் துதிக்கையை நீட்டின. இது அறுபத்தொன்று.

பட்டினி ஒரு மெல்லிய திரியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து முதல் ஈயின் காலைத் தொட்டாள். அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. இருபதும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி வாயை இறுக்கிக் கிடந்தன.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?" என்றான் கஞ்சி. "நீ தேடினது இதுதானே தாயே?"

"பட்டேன். அஞ்சு நிமிஷம் குதிச்சேன். அப்புறம் குப்பிய பாத்தேன்." அவள் திரியைக் கீழே வைத்தாள். "ஒப்பிட்டுப் பாக்க சாதா ஈ வெச்சிருந்தேன். அது இருபதுல பத்தொம்போது நீட்டுச்சு. ஆனா அது போன வெள்ளிக்கிழமை நீங்க ஊத்தின குப்பி. அறுபத்தொண்ணு மட்டும் செவ்வாக்கிழமை குப்பி."

"ரெண்டையும் ஒரே உலையில ஊத்துன குப்பியிலதான் போடணும்னு கஞ்சி காச்சற எனக்கே தெரியும்."

"வெள்ளிக்கிழமை குப்பி பத்தல அண்ணா. எனக்குத் தெரியாதா? ஒரு நாள்தானேன்னு எடுத்துட்டேன்."

"அப்ப உன் தப்பு."

"என் தப்புதான். ஆனா உங்க தப்பு இல்லன்னு ஆயிடுமா? நேத்து முழுக்க சக்கரை தின்ன ஈ இப்ப எப்படி நீட்டும்?"

கஞ்சி சமையலறைக்குத் திரும்பி நடந்தான். அவள் பின்னாலேயே வந்தாள். அவன் அலமாரியிலிருந்து செவ்வாய்க்கிழமைத் தாங்கியை இறக்கினான். வெள்ளைப் பஞ்சு மிச்சம் இருபத்திரண்டு. முதல் குப்பியின் பஞ்சைப் பிடுங்கி, சுண்டுவிரலை விட்டு, நக்கினான்.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"விசாரணை." அடுத்த குப்பி. "சப்பு." அதற்கடுத்தது. "இதுவும் சப்பு. எங்கக்கா சமையல் மாதிரி."

"ஒரு நாளைக்கு எத்தன சிகரெட் பிடிக்கறீங்க நீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"உங்க நாக்க எந்தக் கட்டுரையில சாட்சியா போடறது?"

"சரி, நீ நக்கு."

அவள் நக்கினாள். கோபத்தில் இருக்கிறவர்கள் எதையும் செய்வார்கள். நாலு குப்பி நக்கிவிட்டு, "சப்புதான்," என்றாள். "ஆனா நான் எடுத்தது இதுல இல்லையே. முன்வரிசையில மொத மூணு குப்பி எடுத்தேன்."

கஞ்சி அடுத்த குப்பிக்கு நீட்டிய விரலை எடுத்துக்கொண்டான்.

முதல் மூன்று. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு உலையும் பக்கத்துப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. மூன்று குப்பி ஊற்றியிருந்தான். அப்போது அக்கா போன் வந்தது. மருத்துவமனையில் பிணியாளர்களைத் தள்ளுவண்டியில் தள்ளுகிற வேலை அக்காவுக்கு. தினமும் பத்து மணிக்கு அவளுக்கு ஓய்வு. தினமும் ஒரே கேள்வி: சாப்டியா? அன்றைக்கு அதோடு நிற்காமல் வார்டில் நடந்த ஒரு சண்டையை முழுதாகச் சொல்லி முடித்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மூன்று குப்பி பஞ்சில்லாமல் நின்றிருந்தது. எந்த உலையிலிருந்து ஊற்றினோம்? இதுதான் என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டி வெள்ளைப் பஞ்சை அடைத்தான். முடிவு கட்டினானே தவிர, நினைவு இல்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். கூடவே வாயும் திறக்காது.

"அந்த மூணு குப்பி எங்க?" என்று மட்டும் கேட்டான். "கொண்டா. நக்கிப் பாத்துரலாம்."

"மிச்ச ஈய வேற வெறுங்குப்பிக்கு மாத்திட்டு, அத கழிவுப் பையில போட்டேன்."

"எடு."

"பையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. கிருமி சாக கொதிகலன்ல வெந்துட்டிருக்கு."

சாட்சி வெந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம் பன்னெண்டு மணிக்கு வராங்க அண்ணா. நான் சொல்லித்தான் ஆகணும். மறைச்சா அப்புறம் என் பேச்சுக்கு மதிப்பே இல்ல."

"சொல்லு. நான் வேண்டாம்னு சொன்னனா?"

"கோவமா?"

"கோவப்பட்டா உலை நிக்குமா? போ. ஆக வேண்டியதப் பாரு."

அவள் போய், ஒரு நிமிடத்தில் ஈ ஒட்டிய தகட்டோடு திரும்பி வந்து மேடையில் வைத்தாள். "இதையும் சாராயக் குடுவையில போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு முகம் பார்க்காமல் போய்விட்டாள். வேலை முடிந்த ஈக்களுக்கு அதுதான் கதி. சமையலறை மூலையில் ஒரு பெரிய குடுவையில் சாராயம் இருக்கும். பிறந்ததிலிருந்து சோறு போட்ட கையே கடைசியில் அதில் தள்ளும்.

கஞ்சி உடனே தள்ளவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேலை போகப்போகிறவனுக்கு எதற்கு அவசரம்? அடுப்பை அணைத்தான். முகம் கழுவினான். தன் பொருள் என்று இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஒரு கோப்பை, ஒரு பழைய துண்டு, ஒரு சீப்பு. துணிப்பையில் போட்டான். மூன்றும் போட்டும் பை காலியாகவே இருந்தது. பிறகு தகட்டைக் கையில் எடுத்தான்.

"ஏன்டா, உங்களுக்கு விருந்து வெச்சு என் சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டனா?"

கேட்டுக்கொண்டே சாளரத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மேடையில் கிடந்த பெரிய லென்ஸை எடுத்துக் கண்ணுக்கு வைத்தான். வேடிக்கைக்குத்தான். ஆனால் வைத்த கண் எடுக்கவில்லை.

இரண்டு வருடமாக ஈயின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் அவன். மற்றவர்கள் ஈயின் மூளையைப் பார்ப்பார்கள். அவன் பார்ப்பது வயிறு. சாப்பாடு சரியாக இருந்தால் ஈயின் வயிறு பானை மாதிரி உப்பி மினுங்கும். சாப்பாடு கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். ஒரு நாள் முழுக்கச் சர்க்கரை தின்ற ஈயின் வயிறு எப்படி இருக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் நன்றாகவே பார்த்திருக்கிறான்; அந்தக் காட்சியை மறக்க முடியுமா?

இந்த இருபதின் வயிறும் ஒட்டிக் கிடந்தது. காற்று இறங்கிய பலூன் மாதிரி, அடியில் குழி விழுந்து.

"இது தின்ன வயிறு இல்லையே," என்றான் வாய்விட்டு.

தின்னவில்லை என்றால் குப்பியில் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லை என்றால் இவை ஒரு நாள் முழுப் பட்டினி. பட்டினி என்றால் ஏன் நீட்டவில்லை? பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இங்கே பசியே பறந்துவிட்டதா?

ஒரு பல்குத்தியைச் சர்க்கரைப் பாகில் தோய்த்தான். ஊற்றிய குப்பி சீக்கிரம் ஆறிக் கெட்டிப்படவேண்டும் என்று சமையலறையில் ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடும். கை கொஞ்சம் விறைத்திருந்தது. முதல் ஈயின் முன்னங்காலைத் தொட்டான்.

துதிக்கை நீண்டது.

கஞ்சி லென்ஸைக் கீழே போட்டுவிட்டான். எடுத்துத் துடைத்து மறுபடி பார்த்தான். நீண்ட துதிக்கை இறங்கி, பல்குத்தி நுனியைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது. விடவில்லை. இழுத்தாலும் விடவில்லை. இரண்டாவது ஈயைத் தொட்டான். நீட்டியது. மூன்றாவது. நாலாவது. தொடத் தொட ஒவ்வொன்றும், வெகுநாள் கழித்துப் பந்திக்கு இலை விழுந்த மாதிரி, முகத்தைத் திறந்துகொண்டு நீட்டியது. அரை மணி முன்னால் வாயை இறுக்கிக்கொண்டிருந்த அதே ஈக்கள்!

அவன் ஓடினான். கல்லூரியில் பரீட்சைக்குக்கூட ஓடாதவன். தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்து, நடைவழி முழுக்கச் செருப்பு அறைய ஓடினான்.

"அடியேய் பட்டினி! பட்டினி!"

அவள் கணினி முன் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணா? இன்னும் போடலியா அத?"

"நீட்டுது!"

"எது?"

"துதிக்கை! எல்லாம்! வயித்தப் பாரு, ஒட்டிக் கெடக்கு. பசியில சாகுதுங்க. சக்கரையத் தொட்டா உடும்பு மாதிரி புடிக்குதுங்க!"

"அண்ணா, தயவுசெஞ்சு வெளையாடாதீங்க."

"எங்கக்கா மேல சத்தியம். வா."

சூட்டறைக்குள் போனார்கள். தகட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். திரியை நனைத்தாள். கண்ணை வைத்துச் சரிசெய்ய ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தொட்டாள்.

ஒன்று கூட நீட்டவில்லை.

"அண்ணா…" என்றாள், பெருமூச்சோடு.

கஞ்சிக்கு வியர்த்துக் கொட்டியது. தன் கண்ணையே சந்தேகப்பட்டான். "இல்ல. இல்லம்மா. அங்க நீட்டுச்சு. இந்த மொத ஈ குடிச்சே குடிச்சுது. மத்ததெல்லாம் தொட்டதும் நீட்டுச்சு. சமையக்கட்டுல வெச்சு…"

பட்டினி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"சமையக்கட்டுல எத்தன டிகிரி?"

"பதினெட்டு. எப்பவும் போல."

அவள் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள், திரி கையில் இருந்ததால் புருவமெல்லாம் சர்க்கரைத் தண்ணீர்.

"சூடு தணிஞ்சா அந்த நரம்பணு மறுபடி வேலைக்கு வந்துடும் அண்ணா! நாலஞ்சு நிமிஷத்துல வந்துடும்! இத நான்தான் மொதல்ல செஞ்சு பாத்திருக்கணும். கோவத்துல மறந்தே போயிட்டேன். ஐயோ, சாராயத்துல போடச் சொன்னேனே!"

"போட்டிருந்தா?"

"சொல்லாதீங்க!"

தகட்டைப் பறித்துக்கொண்டு அவள் ஓடினாள். அவன் பின்னால் ஓடினான். சமையலறையில் மேடையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று வேலை போகப்போகிறவனுக்கும் நாலு வருடம் வீணானவளுக்கும்தான் தெரியும்.

தொட்டாள். நீட்டியது.

தொட்டாள். நீட்டியது.

இருபதில் பதினெட்டு நீட்டியது. ஒன்று செத்துப்போயிருந்தது. இன்னொன்று சற்று முன் வயிறு முட்டக் குடித்த முதல் ஈ.

"ஒண்ண குடிக்க விட்டுட்டீங்களா? காலைத்தான் தொடணும், குடிக்க விடக் கூடாது!"

"அது என் பல்குத்திய புடுங்கிக்கிச்சு. நான் என்ன செய்ய?"

"பரவால்ல." அவள் சிரித்தாள், அழுதாள், எது எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. "பரவால்ல! வயிறு ரொம்பினது நீட்டல பாருங்க. அதுவும் சரியா இருக்கு!"

மறுபடி சூட்டறை. பூஜ்யம். மறுபடி சமையலறை. பதினெட்டு. மறுபடி சூட்டறை. ஒன்றே ஒன்று பாதி நீட்டி, யோசித்து, மடக்கிக்கொண்டது. நாலாவது தடவை ஓடும்போது நடைவழியின் நடுவில் நின்றிருந்தார் தராசு. தோளில் கைப்பை. மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம்.

"இது என்ன ஓட்டப்பந்தயமா?"

பட்டினி மூச்சிரைக்கச் சொன்னாள். குப்பி மாறியதை, தான் இரண்டு உலைக் குப்பியைக் கலந்ததை, சர்க்கரைச் சந்தேகத்தை, சூட்டை, குளிரை, எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னாள். தராசு முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"மொதல்ல ஒண்ணு. என்னை யாரும் சந்தோஷப்படுத்தாதீங்க," என்றார். "குளிர்னாலதான் நீட்டுதுன்னு இருந்தா? பசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம?"

"சாதா ஈ சூட்டுலயும் நீட்டுச்சு மேடம்."

"அதக் கேக்கல. இதே வம்சம், வயிறு ரொம்பினது, குளிர்ல நீட்டுதா? பாத்தியா?"

"ஒண்ணு பாத்தோம்…"

"ஒண்ணு ஒண்ணுதான். இருபது ஒட்டு. எது பசி, எது நிறைவுன்னு எனக்குத் தெரியக் கூடாது. ரெண்டு தகட்டுலயும் பேர் எழுதாம வெறும் அடையாளம் போட்டுக் கொண்டா. நான் தொடறேன். கஞ்சி, நீங்க எழுதுங்க."

அரை மணி நேரம் ஆனது, பனிக்கட்டி மேல் ஈக்களை மயக்கி, நகப்பூச்சு வைத்து ஒட்டி, அவை மறுபடி கண்விழிக்க. அந்த அரை மணியும் கஞ்சி தராசின் பக்கத்தில் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் இருந்த துணிப்பையை அவர் பார்த்தார். அதில் தெரிந்த கோப்பையைப் பார்த்தார்.

"மேடம்," என்றான் கஞ்சி. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்று தெரியும். இவ்வளவு நேரம் அதைத்தான் செய்தான். ஆனால் இதுவும் தப்பாகி, நாளைக்கு யாரோ எங்கேயோ இதைச் செய்துபார்த்து நீட்டாமல் போனால், அது அந்த மூன்று குப்பியால் என்றால்? "அந்த மொத மூணு குப்பி மேல எனக்கே சந்தேகம் இருந்துச்சு. ஊத்தறப்ப போன் வந்துச்சு. எந்த உலைன்னு ஞாபகம் இல்லாமயே வெள்ளைப் பஞ்சு அடைச்சேன்."

"இருந்துச்சா, இருக்கா?"

"இருந்துச்சு. வயித்தப் பாத்ததும் போயிடுச்சு. வயிறு ஒட்டிக் கெடக்கு மேடம்."

"லென்ஸக் குடுங்க." அவரே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ம்" என்றார். அந்த ம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டினி இன்னொரு மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, இரண்டு தகட்டையும் எடுத்து வந்தாள். ஒன்றில் வட்டம், ஒன்றில் கோடு. தராசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். திரியை எடுத்தார். கை ஆடவே இல்லை.

"வட்டம். ஒண்ணு, இல்ல. ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. நாலு… நீட்டுது. அஞ்சு, இல்ல."

கஞ்சி எழுதினான். இருபதில் இரண்டு.

"கோடு. ஒண்ணு, நீட்டுது. ரெண்டு, நீட்டுது. மூணு, நீட்டுது. நாலு, நீட்டுது…" பத்து தாண்டியதும் அவர் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு, "நீட்டுது, நீட்டுது, அட, நீட்டுது," என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார். பட்டினி கஞ்சியின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். பதினேழு.

"எது பசி?"

"கோடு, மேடம்!"

"சூட்டறை," என்றார் தராசு. கைப்பையைக் கீழே போட்டார். தகட்டை அவரே எடுத்துக்கொண்டார். நடக்க ஆரம்பித்து, பாதி நடைவழியில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது அம்மாள், குதிகால் செருப்போடு, டக்டக்கென்று. பக்கத்து அறைகளிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன.

சூட்டறையில் மூன்று பேரும் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் நின்றார்கள். பிறகு அவர் தொட்டார். இல்லை. இல்லை. இல்லை. இருபதும் இல்லை. வயிறு ஒட்டிய இருபது ஈக்கள், காலடியில் சர்க்கரை, ஒன்றுக்கும் வேண்டாம். உடம்பு கத்துகிறது. கேட்பதற்குத் தலைக்குள் ஆளில்லை.

தராசு நிமிர்ந்தார். கண்ணாடியைத் தேடினார், அது சமையலறையில் இருந்தது. கண்ணாடி இல்லாத அந்த முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"எத்தன நரம்பணு இந்த வம்சத்துல?"

"ரெண்டு மேடம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"ரெண்டே ரெண்டா?" அவர் குரல் முதல்முறையாகத் தடுக்கியது. "லட்சத்துல ரெண்டா?" பிறகு பட்டினியின் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். "முட்டாப் பொண்ணே! ரெண்டு உலைக் குப்பிய ஒண்ணா வெச்சு யாராச்சும் சோதனை பண்ணுவாங்களா? நாளைலேர்ந்து பன்னெண்டு தடவ திருப்பிச் செய். ஒரே உலை, ஒரே நாள். பன்னெண்டும் இப்படியே வந்தா மட்டும் என்னை வந்து பாரு."

கதவு வரை போனவர் திரும்பினார்.

"கஞ்சி, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வெறுங்குப்பி இருநூறு வேணும்."

"நானா மேடம்?"

"வேற யாரு? எனக்கு உலை வைக்கத் தெரியாது. அந்தப் பையில இருக்கறத எடுத்து எடத்துல வையுங்க." கதவைப் பிடித்தபடி கேட்டார். "உலை அடுப்புல இருக்கறப்ப போன் வந்தா?"

"எடுக்க மாட்டேன்."

"யார் போன் வந்தாலும்?"

"எங்கக்கா போனே வந்தாலும்."

இரண்டு மணிக்கு உலை வைத்தான். ஒரே உலை. பக்கத்து அடுப்பைத் துடைத்து அதன்மேல் துணியைப் போட்டு மூடினான். சர்க்கரை டப்பாவைத் தூக்கி வெளியே நடைவழியில் வைத்தான். இருநூறு குப்பி. காலையில் வராத அக்கா போன் மூன்று மணியிலிருந்து மேசை டிராயருக்குள் கிடந்து உறுமியது. நாலு தடவை. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் பட்டினி வந்து கதவோரம் நின்று, "அண்ணா, அந்த ஈ உங்க பல்குத்தியப் புடிச்சுதே, அத இன்னொரு தடவ சொல்லுங்க," என்று கேட்டாள். சொன்னான். போய்விட்டு மறுபடி வந்து இன்னொரு தடவை கேட்டாள். அவளுக்கு உட்கார முடியவில்லை. அவனுக்கும் கை நிற்கவில்லை; குப்பி ஊற்றுவது தாளம் போடுகிற மாதிரி நடந்தது.

இருநூறாவது குப்பியில் வெள்ளைப் பஞ்சை அடைத்து, அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் டிராயரைத் திறந்தான். நாலே கால்.

"செத்துகித்துப் போயிட்டியோன்னு பாத்தேன்!" என்றாள் அக்கா. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. "எத்தன தடவடா அடிக்கறது?"

"உலை வெச்சிருந்தேன்க்கா. இனிமே பத்து மணிக்கு அடிக்காத. மத்தியானம் அடி."

"பெரிய மந்திரி. சாப்டியா?"

கஞ்சி யோசித்தான். காலையில் ஒரு தேநீர். பிறகு மூன்று குப்பிக் கடற்பாசியை நக்கியது. அவ்வளவுதான். நாள் முழுக்க வயிறு என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. அவள் கேட்ட அந்தக் கணத்தில்தான், யாரோ சொல்லிவைத்த மாதிரி, பசி பிடித்துக்கொண்டது. மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

"இல்லக்கா. இப்பதான் பசிக்குது. பயங்கரமா பசிக்குது."

"நாலு மணிக்கா? இவ்வளவு நேரம் என்னடா பண்ண?"

"சூட்டுல இருந்தேன்," என்றான் கஞ்சி. சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்பதான் குளுருக்கு வந்தேன்."

"ஒளறாத. போய் எதையாச்சும் தின்னு."